கழுத்துத் தகடு முதல் முகாம் அட்டை வரை

முதலில் அது தகரமாக இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறு தகடு. மேல் விளிம்பில் ஓர் ஓட்டை, அதில் கோத்த கயிறு. தகட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். இலங்கை மலைநாட்டில் எந்தப் பகுதி என்பதை எழுத்து சொல்லும். அங்கே எந்தத் தோட்டம் என்பதை எண் சொல்லும். அதை அணிந்தவர் பெயர் அதில் கிடையாது. 1900களின் தொடக்கத்தில் தோட்டத் துரைமார்களுக்காக வந்த ஏற்பாடு இது. தகடு கழுத்தில் தொங்கினால் போதும், கையில் காசில்லாமல் ரயிலும் கப்பலும் ஏறலாம். வழிச்செலவு அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். அங்கிருந்து, ஆள் சேர்த்து அழைத்துப்போகும் கங்காணியின் கணக்குக்கு வரும்; கடைசியில் கூலியாளின் தலையில் கடனாக இறங்கும்.

தகடு அணிந்தவர்களில் நம் பக்கத்தவரும் உண்டு. கடலூரும் சிதம்பரமும் அப்போது தென்னார்க்காடு மாவட்டம். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரத்தோடு தென்னார்க்காட்டிலிருந்தும் தோட்டங்களுக்கு ஆள் போனது. 1876-78 பஞ்சம் துரத்தியவர்கள் பலர் போனார்கள். பஞ்சம் முடிந்த பின்னும் போக்கு நிற்கவில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நஞ்சையில் நிலம் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. பண்ணையாளாகப் பிறந்தவன் பண்ணையாளாகவே சாக வேண்டும் என்பதுதான் நடப்பு. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கியபோதுதான் பண்ணையாட்களின் சேரிப் பிள்ளைகள் பலருக்குப் பலகையும் பல்பமும் கைக்கு எட்டின. எழுத்தறியாத அந்தத் தலைமுறையின் கழுத்தில் தொங்கிய தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அணிந்தவருக்கே தெரியாது. கங்காணிக்குத் தெரியும்.

தகட்டுக்கு முந்திய காலத்தில், இந்தப் பயணம் பெரும்பாலும் கால்நடையாகத்தான் நடந்தது. தொண்டியிலோ பாம்பனிலோ தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்களுக்கு முறையான கணக்கு இல்லை. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்த பின் மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. அங்கே சில நாள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, குளிப்பாட்டி, துணியை வேகவைத்துத்தான் கப்பல் ஏற்றுவார்கள். மண்டபம் முகாம் என்ற அந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது.

தோட்டம் போய்ச் சேர்ந்ததும் தகட்டின் வேலை முடிந்தது. காகிதத்தின் வேலை தொடங்கியது. அங்கே அதற்குத் துண்டு என்று பெயர். இத்தனை ஆள், இவர்கள் பட்ட கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டுகிறவருக்கு இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். கூடுதல் பணம் தரும் துரையிடம் ஆட்களை ஒப்படைப்பார். ஒவ்வொரு கைமாற்றிலும் கடன் தொகை ஏறும். ஏறிய தொகை ஆளின் பெயரில்தான் நிற்கும். வாங்காத கடனுக்கு வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். அதற்கு முன் இரண்டு தலைமுறை அந்தச் சீட்டுக்குள்ளேயே பிறந்து செத்துவிட்டது.

அதற்கடுத்து வந்தது வாக்குச் சீட்டு. 1931இல் இலங்கையில் வயது வந்தோர் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அதில் நிபந்தனை இருந்தது: இலங்கையே தன் நிலையான இருப்பிடம் என்று காட்ட வேண்டும், இல்லையேல் நிரந்தரமாகக் குடியேறியவர் என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். அப்படி இருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மலைநாட்டின் வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளின் பக்கம் சாய்ந்தது. கொழும்பில் ஆட்சிக்கு வந்தவர்களுக்கு இந்த வாக்கு உறுத்தியது. தேர்தல் முடிந்து சுமார் ஓராண்டில் அடுத்து நடந்ததை வேறெந்தக் காரணத்தாலும் விளக்க முடியாது என்பதே என் கருத்து.

1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையில் பிறந்திருப்பதைப் போதுமானதாக ஏற்கவில்லை. அவருடைய தகப்பனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். லயம் எனும் தோட்டக் குடியிருப்பில் பிறந்த முந்தைய தலைமுறையினர் பலரின் பிறப்பு பதிவாகவே இல்லை. காகிதம் இல்லாதவர் நாடு இல்லாதவர் ஆனார். 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. அதே ஆண்டு இன்னொரு சட்டம் வந்து, இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. 1946 ஜனவரி 1க்கு முன், திருமணம் ஆனவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஊரில் தாய் சாகக் கிடக்கிறாள் என்று வந்து, வந்த இடத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைமையும் இதில் கைகழுவ முடியாது. ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்தார். பின்பு அமைச்சராகி, 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பொன்னம்பலத்தின் கட்சியை விட்டு வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இதுவும் காரணம். ஈழப் போராட்டத்தின் வரலாற்றை 1956இலிருந்தோ 1983இலிருந்தோ தொடங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது. முதலில் நாடற்றுப் போனவர்கள் கொழுந்து பறித்தவர்கள்தான்.

இங்கே அந்தக் காகிதத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் பிறப்புச் சான்றிதழ் என்றால், கட்டம் போட்ட தாள் ஒன்று. பிறந்த நாள், பிறந்த இடம், பெயர், ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர், தகவல் தந்தவர், பதிவாளரின் கையெழுத்து. பிறந்த இடத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. தோட்டத்தின் பெயரும் அதன் டிவிஷனும் இருக்கும். தகவல் தந்தவர் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, தோட்ட நிர்வாகம். வெளியிலிருந்து வந்த பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியதால் முனியாண்டிக்கும் மாரியாயிக்கும் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் எழுத்து. இன்னொரு கட்டத்தில் பெற்றோரின் இனம்: இந்தியத் தமிழர். அந்த இரண்டு சொற்களைக் காட்டித்தான் இலங்கை அவர்களைத் தன் ஆள் அல்ல என்றது. அதே இரண்டு சொற்களை இந்தியா இன்றுவரை முழுதாக மதிக்கவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். கணக்கில் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 75,000, 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். இந்தியாவுக்கென ஒதுக்கிய எண்ணிக்கைக்கு 1981இல் கெடு முடியும் வரை விண்ணப்பங்கள் வந்து சேரவில்லை. வந்தவற்றிலும் ஒரு பகுதி வயிறு எழுதியது. 1973-74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது, இந்தியப் பாஸ்போர்ட் என்பது சோற்றுக்கு ஒரு வழியாகத் தெரிந்தது.

கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் அந்தப் பாஸ்போர்ட்டைத் தந்தார்கள். கூடவே ஒரு குடும்ப அட்டை: யார் யார் போகிறார்கள், அங்கே என்ன மறுவாழ்வுத் திட்டம் என்ற விவரம். ரயில் ஏறித் தலைமன்னார் வந்து, 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு பிரிந்து போனார்கள். தாத்தாவைக் குளிப்பாட்டிக் கப்பல் ஏற்றிய அதே மண்டபம். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. பெரும்பாலோருக்குச் சிறுகடை வைக்கச் சொல்லி 5,000 ரூபாய் கடன். தேயிலைக் கொழுந்து தவிர வேறொன்றையும் கையால் தொடாதவர்கள் கடை வைத்து எத்தனை நாள் நடத்துவார்கள்? இருந்தாலும் அவர்கள் கையில் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. அரசு அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று அழைத்தது. பிள்ளைகள் படித்தார்கள், வாக்களித்தார்கள்.

1984இல் கப்பல் நின்றது. பாஸ்போர்ட் வாங்கிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்த சுமார் 84,000 பேர் அக்கரையிலேயே நின்றுபோனார்கள்.

அதற்குள் இன்னொரு நகர்வு நடந்திருந்தது. 1977, 1981, 1983 கலவரங்களில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வடக்கே போய்க் காட்டை வெட்டிக் குடியிருந்தார்கள். காந்தியம் அமைப்பு அவர்களை அங்கே ஊன்ற வைத்தது. அதை நடத்திய மருத்துவர் ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். போர் அந்தக் காடுகளுக்கும் வந்தது. இந்தமுறை அவர்கள் படகேறினார்கள். மன்னார்க் கரையிலிருந்து இரவில் புறப்பட்டு, விடியும்போது ராமேஸ்வரம் பக்கத்து மணல்திட்டில் இறங்கினார்கள். கழுத்தில் தகடு இல்லை, கையில் பாஸ்போர்ட் இல்லை. பாலித்தீன் உறைக்குள் சுற்றிய அந்தப் பிறப்புச் சான்றிதழ் சிலரிடம் இருந்தது. மீண்டும் மண்டபம் முகாம்: பதிவு, விசாரணை, பிறகு எந்த மாவட்டத்து முகாம் என்ற உத்தரவு.

அப்படி வந்தவர்கள் கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை, காட்டுமன்னார்கோயில் முகாம்களில் இருக்கிறார்கள். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வீராணம் ஏரிப் பாசனத்து வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். நூறு ஆண்டுக்கு முன் எந்த வயல்களை விட்டு ஓடிப்போனார்களோ, அந்த வட்டாரத்துக்கே சிலரின் பேரன் பேத்திகள் ஏதிலிகளாக வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. முகாமில் இருப்போர் எல்லாரும் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இல்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலையில் வேர் உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கும் உரிமை வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்ததாகவும் அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இந்திய வம்சாவளியினர் என்றும் நெடுநாளாக ஒரு கணக்கு சொல்லப்படுகிறது.

முகாமுக்கு வந்த பின் அந்தக் காகிதம் அட்டையாக மாறியது. குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர்கள், வந்த தேதி. மாதந்தோறும் உதவித்தொகை வாங்க அதுதான் ஆதாரம். கணக்கெடுக்கும் நாளில் எல்லாரும் இருக்க வேண்டும். கியூ பிரிவு உளவுப் போலீசும் வருவாய்த் துறையும் பெயர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் பணம் நிற்கும். பெயின்ட் அடிக்க வெளியூர் போனவர் அந்த நாளுக்கு ஓடி வருவார். பட்டம் படித்த பிள்ளைகளும் பெயின்ட் வாளியோடுதான் போகிறார்கள், ஏனென்றால் அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற இடத்தில் எழுத அவர்களிடம் ஒன்றுமில்லை. முகாமில் பிறக்கும் குழந்தைக்கு இங்கே உள்ளாட்சி அலுவலகம் ஒரு பிறப்புச் சான்றிதழ் தருகிறது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இன்னொன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் வாங்கித் தர ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக உதவுகிறது. இத்தனை தாள்களையும் காப்பாற்றுவதே ஒரு பாடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கடற்கரையில் ஏறியது. 2015 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடானது. பத்துக்குப் பத்து அறையில் ஓடு பறந்தால் முதலில் தேடுவது அந்த உறையைத்தான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று எண்ண வேண்டாம். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கிற குர்து மக்களுக்கு, முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் செவ்ரே உடன்படிக்கை ஒரு தன்னாட்சியைக் காட்டியது. 1923இல் லொசான் உடன்படிக்கை அதைப் பேசாமல் அழித்தது. சிரியா அரசு 1962 அக்டோபர் 5 அன்று ஹசாக்கா மாநிலத்தில் ஒரே நாளில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தது. 1945க்கு முன்பே அங்கே வசித்ததைக் காகிதத்தில் காட்ட முடியாத குர்துகள் அந்நியர் ஆனார்கள். சுமார் 1,20,000 பேர் குடியுரிமை இழந்தார்கள். அந்நியர் என்று பதிவானவர்களுக்குத் தனி அட்டை. அதுவும் இல்லாமல் பதிவேட்டில் இடமே பெறாதவர்கள் இன்னொரு கூட்டம். நிலம் வாங்க முடியாது, அரசு வேலை கிடையாது, பெற்ற பிள்ளையும் அந்நியனே. இலங்கையில் 1946, சிரியாவில் 1945. பரம்பரை பரம்பரையாக ஓரிடத்தில் உழைத்தவரிடம் ஒரு தேதியைக் காட்டி, இதற்கு முன் நீ இருந்தாயா, தாள் எங்கே என்று கேட்பதுதான் இரண்டு அரசுகளும் கையாண்ட வழி. 2011இல் கிளர்ச்சி வெடித்த பிறகே சிரியா அந்நியர் பட்டியலில் இருந்தவர்களுக்குக் குடியுரிமை தர ஆணையிட்டது.

இலங்கைகூடத் தன் பங்குக்கு வழிக்கு வந்தது. 1986, 1988 சட்டங்களுக்குப் பின் 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தந்தது. தோட்டம் தோட்டமாக முகாம் போட்டு, பத்தே நாளில் சுமார் 1,90,000 பேருக்குச் சான்று வழங்கினார்கள். 2009இல் அதைத் திருத்தி, போரால் இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களையும் சேர்த்தார்கள். திரும்பிப் போக விரும்புகிறவருக்கு அந்தக் கதவு உண்டு. ஆனால் இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே கல்யாணம் செய்துகொண்ட பிள்ளையை எந்த ஊருக்குத் திரும்பச் சொல்வது?

இந்தியச் சட்டத்தில் பூட்டு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்திய வம்சாவளியினர் ஒருவர் 7 ஆண்டு இங்கே வசித்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்கிறது 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. ஆனால் அவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. உயிருக்குப் பயந்து இரவில் படகேறியவர் எந்த அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்கியிருப்பார்? ஆக, 1978இல் 'ராமானுஜத்தில்' வந்த அண்ணன் குடிமகன். 1990இல் படகில் வந்த தம்பி சட்டவிரோதக் குடியேறி. இருவருக்கும் தாத்தா ஒருவரே, ஊர் ஒன்றே.

2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இந்த முடிச்சைத் தொட்டார். திருச்சி முகாம்களில் இருந்த மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கு. இவர்களுக்குச் சட்டத் தளர்வு தரும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்று சொல்லி, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்ற விதியைக் காட்டி நீதிமன்றம் வழியே பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். அவர் இரண்டு ஆண்டு இளையவராக இருந்திருந்தால் அந்த வழியும் அடைத்திருக்கும். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்லதே; ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது குடியுரிமை ஆகாது. தமிழ்நாடு அரசு 2021இல் ஏதிலியர் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புதிய வீடுகள் கட்டத் தொடங்கி, உதவித்தொகையையும் உயர்த்தியது. அதையும் மனமார வரவேற்கிறேன். வீட்டுக்குக் கதவு வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு நாடு வரவில்லை.

செய்ய வேண்டியது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. இலங்கை 2003இல் செய்ததைப் போல, முகாம் முகாமாக அதிகாரிகள் உட்கார்ந்து அந்த உறைகளைப் பிரித்துப் பார்க்கட்டும். பிறப்புச் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்று இருப்பவரை, கண்டி தூதரகம் தந்த பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ குடும்பத்தில் ஒருவருக்காவது இருப்பவரை, இந்திய வம்சாவளியினர் என்று ஏற்று 5ஆம் பிரிவில் பதிவு செய்யட்டும். படகில் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்ற தடையைத் தள்ளுபடி செய்யட்டும். சாஸ்திரி போட்ட கையெழுத்துக்கு இந்தியா இன்னும் பட்டிருக்கிற கடன் அது. கடலூர், சிதம்பரம் பக்கத்து நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். கேட்கும்படி வாக்காளர்களாகிய நாம்தான் நெருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உங்கள் ஊர்க் கிராமப் பதிவேட்டிலோ, பழைய பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்திலோ, உங்கள் வீட்டுப் பாட்டியின் நினைவிலோ கண்டிச் சீமைக்குப் போன ஒருவரின் பெயர் இருக்கலாம். அந்தப் பெயரைத் தேடி முகாமிலிருந்து யாராவது வந்தால், தெரியாது என்று அனுப்பிவிடாதீர்கள். தேடிப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.